மல்லாட்டை எடுத்த நிலத்தில் என்ன மிஞ்சுகிறது?

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், போளூர் பக்கம் போனால், ஆடிப்பட்டத்து மானாவாரிக் கொல்லைகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, நிற்கும். விதைத்து 40 நாளான ஒரு செடியை வேர் அறாமல் தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். பக்கவேர் கிளைக்கும் இடங்களில் கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே சிவந்திருந்தால் முடிச்சு வேலை செய்கிறது, வெளுத்திருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையாகிவிட்டால் ஓய்ந்துவிட்டது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனாலும் அதன் இரு அணுக்களும் மும்மடிப் பிணைப்பால் இறுகியிருப்பதால், செடிகளால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. யூரியாவுக்கு வேண்டிய அம்மோனியாவைத் தயாரிக்க ஆலைகளில் 400 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பமும் கடும் அழுத்தமும் தேவை. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் வகை பாக்டீரியாவோ, நைட்ரோஜினேஸ் என்ற நொதியைக் கொண்டு மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே அம்மோனியாவை உண்டாக்கிவிடுகிறது. ஆக்சிஜன் பட்டால் இந்த நொதி கெட்டுவிடும். ஆக்சிஜனைக் கட்டுக்குள் வைப்பது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம். முடிச்சின் சிவப்பு அதனுடையதே. பாக்டீரியாவுக்குக் கூலி, செடி தரும் சர்க்கரை.

இந்த உறவை 1886இல் ஜெர்மனியின் ஹெல்ரீகல் அறிவித்தார். 1888இல் நெதர்லாந்தின் பெயரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

மல்லாட்டை போட்டாலே நிலத்துக்கு உரம் ஏறிவிடும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. பருப்பில் ஏறத்தாழ கால்பங்கு புரதம். செடி சேர்த்த நைட்ரஜனில் பெரும்பங்கு அதற்குள்தான் போகிறது. அறுவடையில் செடியையே பிடுங்குகிறோம். கொடி மாட்டுக்குப் போகிறது, அல்லது விலைக்குப் போகிறது. நிலத்தில் மிஞ்சுவது உதிர்ந்த இலையும் அறுந்த வேரும்தான். தக்கைப்பூண்டு, சணப்பு, கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரப்பயிர்களின் கதை வேறு: பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதால், சேர்த்தது முழுவதும் மண்ணுக்கே திரும்புகிறது.

மல்லாட்டையிலும் பலன் காண வழி இருக்கிறது. ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கொடியைத் தின்ற மாட்டின் சாணம் அதே கொல்லைக்குத் திரும்ப வேண்டும். கொடியை விற்பவர்கள், அதோடு வண்டியேறிப் போகும் உரத்தின் விலையையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.