புது ஆத்துல படகு விடலாமா?

தஞ்சாவூர்ப் பக்கமா நீங்க? அப்படின்னா இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது கேட்டிருப்பீங்க. பெரிய கோவிலை ஒட்டி புது ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடும். பாலத்துல வண்டியை நிறுத்திட்டு, "மச்சான், இதுல ஒரு படகு விட்டா எப்படி இருக்கும்?"னு ஒருத்தன் ஆரம்பிப்பான். அப்புறம் என்ன... ஹவுஸ்போட், மிதக்கும் டீக்கடைன்னு பிளான் ராத்திரி வரைக்கும் ஓடும்!

எங்க கேங் பிளானோட நிக்கலை. ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது, ஒரு ஆகஸ்ட் மாசம், லாரி ட்யூப் ஒண்ணைத் தூக்கிட்டு நாலு பேரும் ஊருக்கு வெளியே கிளம்பிட்டோம். நாங்க இறங்க நினைச்ச இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு 'ட்ராப்'. அதாவது, வாய்க்கால் படி மாதிரி சடார்னு இறங்குற இடம்.

சைக்கிள்ல வந்த லஸ்கர் ஒருத்தர் எங்களைப் பார்த்துட்டார். வாய்க்கால் ஷட்டரை ஏத்தி இறக்குற ஊழியருக்கு எங்க ஊர்ல அதுதான் பேரு. திட்டுவார்னு நினைச்சோம். திட்டலை. கரையில கிடந்த வாழைமட்டையை எடுத்து தண்ணியில போட்டார். "பாத்துக்கிட்டே இருங்க தம்பி."

மட்டை ட்ராப்ல விழுந்துச்சு. முங்குச்சு. மேலே வந்துச்சு. ஆனா கீழே போகலை! திரும்ப அருவிப் பக்கமே இழுபட்டு மறுபடி முங்குச்சு. எத்தனை நிமிஷம் நின்னோம்னு தெரியலை, அது அங்கேயேதான் சுத்திட்டு இருந்துச்சு. "அது மட்டை. நீங்களா இருந்தா?"னு கேட்டுட்டு சைக்கிளை மிதிச்சுட்டார். அடுத்த வருஷம் அதையே 'ஹைட்ராலிக் ஜம்ப்'னு பாடமா படிச்சோம். பரீட்சையில படம் வரைஞ்சப்போ எனக்கு அந்த மட்டைதான் ஞாபகம் வந்துச்சு.

சரி, படகு அந்தப் படியை இறங்க வழியே இல்லையா? இருக்கு. அதுக்குப் பேரு 'லாக்'. பூட்டு இல்லீங்க, படகுக்கான லிஃப்ட்! வாய்க்கால்ல ஒரு நீளமான தொட்டி. மேல்பக்கம் ஒரு ஜோடி கதவு, கீழ்ப்பக்கம் ஒரு ஜோடி. தொட்டி நிறைஞ்சு இருக்கும்போது படகு உள்ளே வரும், மேல்கதவு மூடும். சின்ன மதகு வழியா தண்ணி வடிய வடிய, படகும் மெதுவா இறங்கும். ரெண்டு பக்கமும் மட்டம் சமமானதும் கீழ்க்கதவு திறக்கும். மேலே ஏறணும்னா இதையே தலைகீழா செய்யணும். பம்ப் தேவையில்லை, தண்ணியோட எடையே வேலையைப் பார்த்துக்கும். பனாமா கால்வாய்ல 1914-லேர்ந்து கப்பல்களை 26 மீட்டர் தூக்கி இறக்குறது இந்த டெக்னிக்தான்.

இங்கிலாந்து மாதிரி நாடுகள்ல லாக் பக்கத்துல படகைக் கட்ட முளை, குடிதண்ணிக் குழாய், கழிவறைன்னு வசதி செஞ்சு வச்சிருப்பாங்க. தொட்டிச் சுவர்ல ஏணியும் இருக்கும். உள்ளே விழுந்தவன் பிடிச்சு ஏறணும் இல்லையா?

இதுல ஒரு சுவாரஸ்யம். முக்கொம்புல மேலணையும் அணைக்கரையில கீழணையும் 1836-ல கட்டின ஆர்தர் காட்டன், மணல் மேல அணை கட்டுற வித்தையை நம்ம கல்லணையைப் பார்த்துக் கத்துக்கிட்டவர். அப்புறம் கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். 1852-ல வேலை முடிஞ்சது. அங்கே வாய்க்கால்கள்ல லாக் வச்சு, பாசனத்தையும் படகையும் ஒண்ணா ஓட விட்டாங்க. பாடம் நம்ம ஊர்ல, படகு பக்கத்து மாநிலத்துல!

நம்ம புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், வந்தது ரொம்பப் பின்னாடி. 1934-ல மேட்டூர் அணையோட சேர்ந்து வந்த 148 கிலோமீட்டர் கால்வாய் இது. அதுக்குள்ள நாகப்பட்டினம்-தஞ்சாவூர் ரயில் ஓட ஆரம்பிச்சு 70 வருஷம் தாண்டிடுச்சு. சரக்குப் படகுக்கு என்ன வேலை? இன்னொண்ணு, தண்ணி. மேட்டூரை ஜூன் 12-ல திறந்து ஜனவரி 28-ல மூடுறது வழக்கம். 2024-ல ஜூலை 28-லதான் திறந்தாங்க. நடுவுல முறைப்பாசனம் வச்சா சில நாள் வாய்க்கால் காயும். ஹவுஸ்போட் மணல்ல உக்காந்துக்கும். இங்கே ஷட்டர் இருக்கிறது வயலுக்குத் தண்ணியைப் பங்கு போட. அதுல தப்பே இல்லை, நாம சாப்பிடுற சோறு அது!

படகுல போயே ஆகணுமா? முத்துப்பேட்டைக்குப் போங்க. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புல பிரியுற கோரையாறு கடலைத் தொடுற இடத்துல அலையாத்திக் காடு இருக்கு. வனத்துறை அனுமதி வாங்கிட்டு, ஜாம்பவானோடையிலேர்ந்து படகுல போகலாம். லைஃப் ஜாக்கெட் மறக்காதீங்க.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. நமக்கு லாக் வேண்டாம், சரி. அந்த ஏணியுமா வேண்டாம்? மேட்டூர் திறந்ததும் டெல்டாவுல யாராவது ஒரு பையன் முங்கிப் போன செய்தி வந்துடுது. கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்கும் வேலை 2021-ல ஆரம்பிச்சது. கரைச்சரிவுல கான்கிரீட் போட்டா தண்ணி கசியாது, நல்லதுதான். ஆனா பாசி பிடிச்ச கான்கிரீட்ல கால் நிக்காது, கைக்குப் புல்லும் கிடைக்காது. நீச்சல் தெரிஞ்சவனும் கரை ஏற முடியாம திணறுவான். ட்ராப்புக்கு முன்னாடி குறுக்கே ஒரு சங்கிலி, கரையில கொஞ்ச தூரத்துக்கு ஒரு இரும்பு ஏணி, ஒரு எச்சரிக்கை போர்டு, கயிறு கட்டின ட்யூப்... பெரிய செலவா இது?

நாங்க நாலு பேரும் இப்ப எங்க ஏரியா பாலங்கள்ல ஏணி எங்கே இருக்கு, எங்கே இல்லைன்னு நோட்ல குறிச்சுட்டு வர்றோம். முடிச்சதும் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு கொடுக்கப் போறோம். உங்க ஊர் வாய்க்காலை நீங்க எண்ணுங்களேன். பாலத்துல நின்னு பிளான் போடுற நேரத்துல, பத்து நிமிஷம் போதும்!