தலையில் அடியா? டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள்!

குழந்தை விழுந்து தலையில் இடித்துக்கொண்டால் நாம் முதலில் என்ன பார்ப்போம்? ரத்தம் வருகிறதா, புடைத்திருக்கிறதா என்றுதானே? இரண்டும் இல்லையென்றால் "ஒண்ணுமில்லை, போய் விளையாடு" என்று அனுப்பிவிடுவோம். வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே மூளை குலுங்கியிருக்கலாம். இதற்கு 'கன்கஷன்' என்று பெயர். ஸ்கேன் எடுத்தால்கூட இது தெரியாது. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சம் பார்த்தால் கூச்சம், மறதி, சிடுசிடுப்பு இவற்றை வைத்துத்தான் டாக்டர் கண்டுபிடிக்கிறார்.

நாங்கள் இருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 2013ல் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் ரக்பி ஆடும்போது அடிபட்டு இறந்துபோனாள். ஒரே வாரத்துக்குள் மூன்று முறை தலையில் அடி. முதல் அடி ஆறுமுன்னே அடுத்த அடி! பெற்றவர்களுக்கு முன்பட்ட அடிகள் தெரியவே தெரியாது. அவள் பெயரிலேயே 2018ல் சட்டம் வந்தது. அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட வேண்டும். மறுபடி முழு ஆட்டத்துக்குப் போக வைத்தியரின் அனுமதி வேண்டும்.

முன்பு பட்ட அடி டாக்டருக்கு எப்படித் தெரியும்? இங்கே குடும்ப டாக்டர்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிகிறார்கள். என் பையன் கால்பந்தில் மோதிக்கொண்டு வந்தபோது, எங்கள் டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "இரண்டு வருஷம் முன்னே ஐஸில் வழுக்கி விழுந்தானே, இது இரண்டாவது" என்றார். அதனால் கூடுதல் கவனமாகப் பார்த்தார்.

இந்தப் பதிவுகளால் ஊருக்கும் லாபம் உண்டு. பெயர், விலாசத்தை நீக்கிவிட்டு ஒன்றுசேர்த்தால் எந்த வயதினருக்கு அதிகம் அடிபடுகிறது, எத்தனை நாளில் குணமாகிறது என்று கணக்கிடலாம். கனடாவில் இப்படிப் பதிவுகளைத் தொகுக்கும் அமைப்பு 2008லேயே தொடங்கியது. ஆனால் ஒரு சிக்கல். ஒவ்வொரு வியாதிக்கும் ஓர் எண் உண்டு, கன்கஷனுக்கு 850. டாக்டர் அதைப் போடாமல் வெறும் 'தலைவலி' என்று குறித்தால் அந்தக் கேஸ் கணக்கில் வராது. நாமும் "தலை வலிக்குதாம்" என்று மட்டும் சொன்னால் அவர்தான் என்ன எழுதுவார்?

ஆகவே சகோதரிகளே, இவற்றை நினைவில் வையுங்கள்:

* எந்தத் தேதி, எப்படி விழுந்தான், நினைவு தப்பியதா, வாந்தி எடுத்தானா என்று சொல்லுங்கள். பழைய அடிகளையும் விடாதீர்கள்.

* வேறு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால், அந்தச் சீட்டைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள்.

* முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. டி.வி., போன் குறைவாக. பிறகு மெதுவாக நடமாடலாம். ஆட்டத்துக்கு அவசரம் வேண்டாம்.

* திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் சோர்வு, எழுப்பினாலும் எழாத தூக்கம் - இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நம் ஊரில் உங்கள் டாக்டரிடம் கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் என்ன? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தடுப்பூசி எழுதுகிற நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, பிள்ளைக்குத் தலையில் பட்ட அடிகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். டாக்டரிடம் போகும்போது மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.