பச்சை முனையை எதோட சேர்க்கணும்?

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு சின்னக் கம்பியைப் பத்தி.

லேப்ல இருக்கிற டிசி பவர் சப்ளையைப் பாத்திருப்பீங்க. பலதுல முன்னாடி மூணு முனை இருக்கும். சிவப்பு ப்ளஸ், கறுப்பு மைனஸ், கூடவே ஒரு பச்சை. இந்தப் பச்சையை மைனஸோட சேர்க்கணுமா? சேர்த்தா ஷார்ட் ஆகாதா?

பச்சை முனை சப்ளையோட உலோகப் பெட்டிக்கும், மூணு பின் பிளக்கோட எர்த்துக்கும் போகுது. சிவப்பும் கறுப்பும் வேற ஆளுங்க. அவை உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மரின் இரண்டாம் சுற்றிலிருந்து வருது. அந்தச் சுற்றுக்கும் சுவர் பிளக்குக்கும் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது. அதனாலதான் இதை 'ஃப்ளோட்டிங்', அதாவது மிதக்கும் சப்ளைன்னு சொல்றோம்.

12 வோல்ட் வெச்சா, ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில் 12 வோல்ட் இருக்கும். அது தர்ற உத்தரவாதம் அவ்வளவுதான். 12 அடி ஏணியை நினைச்சுக்கோங்க. அதோட அடிக்கால் எவ்வளவு உயரத்தில் நிக்குது? நீங்க எங்கே வெக்கிறீங்களோ, அதைப் பொறுத்தது. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து எழுதியிருப்பாங்க இல்லையா? மின்சாரத்துல அந்தக் கடல் மட்டம்தான் எர்த்.

மைனஸைப் பச்சையோட இணைச்சா, மைனஸ் 0, ப்ளஸ் +12. ப்ளஸை இணைச்சா, ப்ளஸ் 0, மைனஸ் −12. ரெண்டுலயும் ஷார்ட் ஆகாது. கரண்ட் ஓட முழு வட்டம் வேணும். ஒரே ஒரு கம்பி வட்டம் ஆகாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள்ல 48 வோல்ட் பேட்டரியோட ப்ளஸைத்தான் எர்த் பண்றாங்க. மண்ணுக்குள்ள ஈரத்துல கிடக்கிற செப்புக் கம்பி அரிக்கிறது அதனால குறையும்.

சரி, எதுக்கு எர்த் பண்ணணும்? மிதக்கும் சப்ளைன்னாலும் அது முழுசா மிதக்காது. ஸ்விட்சிங் சப்ளைகள்ல இரைச்சலை அடக்க, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வேணும்னே ஒரு சின்ன கெப்பாசிட்டர் வெச்சிருப்பாங்க. அது வழியா 230 வோல்ட் பக்கத்திலிருந்து துளி கரண்ட் கசியும். ரெண்டு பின் சார்ஜர் போட்ட லேப்டாப்போட உலோக உடம்பைத் தடவினா சுறுசுறுன்னு இருக்கே, அதுதான் இது. எர்த் பண்ணிட்டா கசிவு அந்த வழியா போயிடும். அளவெடுக்கும்போது இரைச்சலும் குறையும்.

ஆபத்து எங்கேன்னா, ரெண்டாவது எர்த்துல.

நீங்க ப்ளஸைப் பச்சையோட சேர்த்திருக்கீங்க. மைனஸ் உங்க மைக்ரோகண்ட்ரோலர் போர்டோட கிரவுண்டுக்குப் போகுது. அந்த போர்டு யூஎஸ்பி வழியா டெஸ்க்டாப்ல இருக்கு. டெஸ்க்டாப்போட யூஎஸ்பி கிரவுண்டும் எர்த்துதான். இப்போ வட்டம் முழுசாயிடுச்சு: மைனஸ், போர்டு, யூஎஸ்பி, சுவர் எர்த், பச்சை, ப்ளஸ். சப்ளையோட கரண்ட் லிமிட் எவ்வளவோ, அவ்வளவும் அந்த மெல்லிய யூஎஸ்பி கம்பி வழியா பாயும். போர்டும் போகலாம், போர்ட்டும் போகலாம்.

ஆஸிலோஸ்கோப்பிலும் இதே கதை. ப்ரோபோட முதலைக் கிளிப் பொதுவா நேரா எர்த்தோட இணைஞ்சது. மைனஸ் எர்த் ஆகியிருக்கும்போது அந்தக் கிளிப்பை 12 வோல்ட் இருக்கிற இடத்துல மாட்டினா ஷார்ட். இதைத் தவிர்க்க ஸ்கோப்போட எர்த் பின்னை வெட்டுறவங்க உண்டு. தயவுசெஞ்சு வேண்டாம். பெட்டிக்கே உயர் வோல்ட்டேஜ் வந்துடலாம், அது உயிர் விஷயம்.

அதனால பச்சைக் கம்பி போடுறதுக்கு முன்னாடி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டி, மத்த கருவிகள் ஒவ்வொண்ணோட கிரவுண்டுக்கும் அதோட எர்த் பின்னுக்கும் நடுவுல மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வையுங்க. பீப் வந்தா அங்கே ஏற்கனவே ஒரு எர்த் இருக்கு. அது மாட்டியிருக்கிற அதே லைனைத்தான் நீங்களும் எர்த் பண்ணலாம். வேற லைனைப் பண்ணினா ஷார்ட்.

இன்னொண்ணு. மலிவான எல்இடி டிரைவர்கள் சிலது மெயின்ஸிலிருந்து பிரிக்கப்படாதவை. அதுல எதையும் எர்த்தோட சேர்க்காதீங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.