குளிரில் மக்கர் பண்ணும், சூட்டில் வெடிக்கும்! டூருக்கு எடுத்துப் போகும் கியாஸ் டப்பா: உஷார்!

மதுரை ரெயில் நிலையம். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி அதிகாலை. தனியாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரெயில் பெட்டி திடீரென்று தீப்பிடித்து எரிந்தது. உத்தரபிரதேசத்தில் இருந்து கோவில்களுக்கு வந்த 9 பேர் பலியானார்கள்.

பெட்டிக்குள் கள்ளத்தனமாக கொண்டு வந்த கியாஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரெயில்வே அறிவித்தது.

அது சிலிண்டர். இப்போது ஊட்டி, கொடைக்கானலுக்கு டூர் கிளம்புகிறவர்கள் பையில் வேறு ஒன்று இருக்கிறது. கைக்கு அடக்கமான அடுப்பு. கூடவே, சென்ட் பாட்டில் போல நீளமாக ஒரு கியாஸ் டப்பா. வழியில் டீ போடலாம், குழந்தைக்கு பால் காய்ச்சலாம். வசதிதான். ஆனால் அந்த டப்பாவின் குணம் தெரியாமல் அதைத் தொடுவது ஆபத்து.

ஊட்டியில் ஏன் எரியவில்லை?

நம் வீட்டு சமையல் கியாசில் புரொப்பேன், பியூட்டேன் என்ற 2 வாயுக்கள் கலந்து இருக்கின்றன. நீள டப்பாவில் பெரும்பாலும் இருப்பது பியூட்டேன் மட்டுமே. டப்பாவுக்குள் அது தண்ணீர் மாதிரி திரவமாக கிடக்கும். ஆவியாக மாறி வெளியே வந்தால்தான் எரியும்.

ஏறக்குறைய 0 டிகிரி குளிரில் பியூட்டேன் ஆவியாவது நின்று விடும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டும்போது அடுப்பு படுத்துக் கொள்வது இதனால்தான். 5 டிகிரி, 10 டிகிரியிலும் தொல்லை உண்டு. எரிய எரிய டப்பா தானாகவே சில்லிட்டுப் போகும். ஜுவாலை சிறுத்து விடும்.

சென்னையில் ஜோராக எரிந்த அடுப்பு மலையில் ஏமாற்றுகிறதே என்று டப்பாவை நெருப்பில் காட்டுகிறவர்கள் உண்டு. கொதிக்கும் தண்ணீரில் வைக்கிறவர்களும் உண்டு. விபரீதம் இங்கேதான் ஆரம்பம். சூடு ஏற ஏற உள்ளே அழுத்தம் எகிறும். மெல்லிய தகடு எவ்வளவு தாங்கும்?

உள்ளங்கை சூடு போதும். டப்பாவை கம்பளிக்குள் சிறிது நேரம் வைத்திருந்து எடுக்கலாம். அடுப்பை வெறும் தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கலாம்.

எதை வாங்குவது?

சமவெளியில் சமைக்க பியூட்டேன் டப்பாவே போதும்.

குளிர் இடத்துக்கு என்றால் டப்பா மீது உள்ள எழுத்தை படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ஐசோபியூட்டேன் என்ற ரகம் மைனஸ் 11 டிகிரி வரை ஆவியாகும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். இந்த இரண்டும் கலந்த டப்பாக்கள் குட்டையாக, உருண்டையாக, திருகு மரையோடு வரும். மலை ஏறுகிறவர்கள் வாங்குவது இதைத்தான்.

நீள டப்பா அடுப்பு வேறு, திருகு டப்பா அடுப்பு வேறு. ஒன்றை இன்னொன்றில் மாட்ட முயற்சிக்கக் கூடாது. துரு பிடித்தது, நசுங்கியது கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அகல சட்டி கூடாது

நீள டப்பா அடுப்பில் பர்னருக்கு பக்கத்திலேயே டப்பா இருக்கும். அகலமான தோசைக்கல்லோ பெரிய குண்டானோ வைத்தால் அதன் சூடு அப்படியே டப்பா மேல் இறங்கும். 2 அடுப்பை ஒட்டி வைத்து பிரியாணி அண்டா ஏற்றுவது இதை விட மோசம்.

அழுத்தம் அதிகமானால் டப்பா தானாக கழன்று கொள்ளும் வசதி நல்ல அடுப்புகளில் உண்டு. அப்படி கழன்றால் அது எச்சரிக்கை. மறுபடியும் அழுத்தி மாட்டாமல், ஆற விட வேண்டும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் டப்பாவை விட்டுச் செல்லக் கூடாது. 40 டிகிரி அல்லது 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று டப்பாவிலேயே அச்சடித்து இருக்கும். பூட்டிய காருக்குள் வெயில் நேரத்தில் சூடு அதையும் தாண்டி விடும்.

மறுபடி நிரப்பினால்...

காலி டப்பாவை எறிய மனம் வராமல் வீட்டு சிலிண்டரில் இருந்து நிரப்பினால் 4 காசு மிச்சமாகுமே என்று தோன்றலாம். மிச்சமாவது காசு, போவது உயிர்!

40 டிகிரி சூட்டில் பியூட்டேனின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 4 மடங்கு. புரொப்பேனுக்கோ சுமார் 13 மடங்கு. வீட்டு கியாசில் புரொப்பேன் கலந்திருப்பதால் பியூட்டேனுக்காக செய்த டப்பா அதைத் தாங்காது. அந்த டப்பா ஒரு தடவை உபயோகத்துக்கு மட்டுமே.

மூடிய டெண்டில் எமன்

குளிருக்கு பயந்து டெண்டையோ காரையோ மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கக் கூடாது. காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு விஷவாயு உண்டாகும். நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

பியூட்டேன் கசிந்தால் மேலே போகாது. காற்றை விட 2 மடங்கு கனம். தரையோடு பரவும். காற்றில் 100-க்கு 2 பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். எனவே கீழே பாய் விரித்து ஆட்கள் படுத்திருக்கும் இடத்தில் டப்பா மாற்றக் கூடாது. திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் மாற்ற வேண்டும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க தீக்குச்சி வேண்டாம். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி சொல்லி விடும்.

ரெயிலில் கொண்டு போனால் ஜெயில்

இந்த டப்பாவை ரெயிலில் கொண்டு போக அனுமதி கிடையாது. 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை உண்டு. விமானத்திலும் தடைதான். அடுப்பை மட்டும் எடுத்துப்போய் டப்பாவை போகும் ஊரில் வாங்கிக் கொள்வதே புத்திசாலித்தனம்.

பக்கத்து சீட்டில் யாராவது அடுப்பு பற்ற வைத்தால் நமக்கென்ன என்று இருந்து விடக் கூடாது. ரெயில்வே உதவி எண் 139. உடனே சொல்லுங்கள். பெட்டியில் உங்கள் குழந்தையும் இருக்கிறது.