ஆறு கைகளும் கொஞ்சம் கஞ்சியும்

குரோஷே ஊசியிலிருந்து அப்போதுதான் கழற்றிய நூல் பனிப்பூ பார்க்க அழகாக இருக்காது. ஓரம் சுருண்டிருக்கும், கைகள் தொய்ந்திருக்கும், நடுப்பகுதி ஒரு பக்கமாக இழுத்திருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிறிஸ்துமஸ் மரக் கிளைகளில் விறைப்பாகத் தொங்கும் வெள்ளை நட்சத்திரமும் இதுவும் ஒன்றுதான் என்று சொன்னால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். ஊசியின் வேலை முடிந்த இடத்தில் கஞ்சியின் வேலை தொடங்குகிறது. இந்த இரண்டாம் பாதியைப் பின்னல் புத்தகங்கள் பெரும்பாலும் நாலு வரியில் முடித்துவிடுகின்றன. பனிப்பூ பனிப்பூவாவதே அங்கேதான்.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். வானத்திலிருந்து விழும் பனிப்படிகத்துக்கு ஆறு பக்கம். ஏன் ஆறு, ஏன் ஐந்தோ ஏழோ இல்லை என்று 1611-இல் வானியலாளர் யோஹானஸ் கெப்ளர் ஒரு சிறு நூலே எழுதினார். புரவலர் ஒருவருக்குப் புத்தாண்டுப் பரிசாக அவர் கொடுத்த நூல் அது. முழு விடை அவர் காலத்தில் கிடைக்கவில்லை. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண வலையாக அடுக்கிக்கொள்கின்றன என்பது 20-ஆம் நூற்றாண்டில் எக்ஸ்-கதிர் ஆய்வுகள் வந்த பிறகே உறுதியானது. நாம் பனிப்பூ என்றதும் மனதில் வரும் கிளைவிட்ட நட்சத்திரம் மைனஸ் 15 டிகிரியை ஒட்டிய குளிரில், போதிய ஈரப்பதத்தில் வளர்வது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885-இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துத் தம் முதல் பனிப்படிகப் படத்தை எடுத்தார். வாழ்நாளில் அவர் எடுத்த படங்கள் 5,000-க்கும் மேல். அவற்றில் 2,400-க்கு மேற்பட்டவை 1931-இல் புத்தகமாக வந்தன. பனிப்பூ பின்ன விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல வடிவப் புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதனால்தான் எட்டுக் கை வைத்த நூல் நட்சத்திரத்தை யாராவது பனிப்பூ என்று காட்டினால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அது அழகான நட்சத்திரமாக இருக்கலாம். பனி அப்படி உறைவதில்லை.

வியப்பு என்னவென்றால், குரோஷேக்கும் ஆறு என்ற எண் இயல்பாகவே பொருந்துகிறது. ஒரு வட்டத்தின் ஆரம் எவ்வளவு கூடுகிறதோ, அதைப் போல 6.28 மடங்கு சுற்றளவு கூடும். சிங்கிள் குரோஷே என்ற குட்டைத் தையலின் உயரமும் அகலமும் ஏறத்தாழச் சமம். ஆகவே ஒரு சுற்று பின்னி முடித்தால், தட்டையாக இருக்க அடுத்த சுற்றில் சுமார் ஆறு தையல் கூடுதலாக வேண்டும். 6, 12, 18, 24 என்று போகும். கூட்டும் தையல்களை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் போட்டால் வட்டத்தில் மூலைகள் எழும்பி அறுகோணமே வந்துவிடும். டபுள் குரோஷே ஏறக்குறைய இரு மடங்கு உயரம் என்பதால் அதற்குச் சுற்றுக்குப் பன்னிரண்டு. அதுவும் ஆறின் மடங்கு. (நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள். அவர்களுடைய டபுளை பிரிட்டிஷ் புத்தகங்கள் டிரெபிள் என்கின்றன. புத்தகம் எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.)

தேவையைவிடக் குறைவாகக் கூட்டினால் பின்னல் கிண்ணமாகக் குவியும். அதிகமாகக் கூட்டினால் ஓரம் அலையலையாக நெளியும். கணித ஆசிரியர்கள் காகிதத்தில் காட்டத் திணறிய அதிபரவளையத் தளத்தை கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா 1997-இல் இந்த நெளிவைக் கொண்டே குரோஷேயில் செய்து மாணவர்கள் கையில் கொடுத்தார். பனிப்பூ பின்னுகிறவர் அதே கணக்கை எதிர்த்திசையில் போடுகிறார். அவருக்கு வேண்டியது குவியவும் நெளியவும் செய்யாத தட்டை.

எளிய பனிப்பூ ஒன்றின் அமைப்பு இது: ஆறு செயின் (சங்கிலித் தையல்) போட்டு வளையமாக்கி, அதற்குள் பன்னிரண்டு டபுள் குரோஷே. அடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒரு தையலில் ஊசியைக் கோத்து, ஐந்து செயினில் ஒரு வளைவாக ஆறு வளைவுகள். அந்த ஒவ்வொரு வளைவிலிருந்தும் ஒரு கை கிளம்பும். கையின் நுனியிலும் பக்கங்களிலும் மூன்று செயினை மடக்கி ஸ்லிப் ஸ்டிச்சால் பூட்டும் ‘பிகோ’ என்ற சின்ன முடிச்சு வளையங்கள் வரும். பனியின் கூர்முனைகளை நூலில் காட்டுவது இந்த பிகோதான். பிகோ தளர்ந்தால் பூவே மங்கிவிடும்.

நூல் 10-ஆம் எண் பருத்திக் குரோஷே நூலாக இருப்பது வழக்கம். எண் கூடக் கூட நூல் மெலியும். ஊசி ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டிய எஃகு ஊசி. கடையில் ‘மெர்சரைஸ்டு’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஜான் மெர்சர் என்ற ஆங்கிலேயர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் நனைத்துப் பார்த்தார். இழை உப்பி, உருண்டு, வலுவும் கூடியது. பிற்காலத்தில் நூலை இழுத்துப் பிடித்தபடி இதைச் செய்ததும் பளபளப்பும் வந்தது. பனிக்கு அந்த மினுக்கு வேண்டும். கம்பளி நூலில் பின்னினால் எவ்வளவு கஞ்சி போட்டாலும் பஞ்சுத்தன்மை போகாது.

இனி விறைப்பு. பருத்தி இழையில் பெரும்பங்கு செல்லுலோஸ். கஞ்சியில் இருப்பது மாவுச்சத்து. இரண்டுமே குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையின் நீண்ட தொடர்கள். கண்ணிகள் இணையும் கோணம்தான் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் செல்லுலோஸ் நேராக நீண்டு இழையாகிறது. மாவுச்சத்து சுருண்டும் கிளைத்தும் மணிகளாகிறது. நீரில் கலந்து சுட வைத்தால் 60-70 டிகிரியில் அந்த மணிகள் உப்பி உடைந்து, உள்ளிருக்கும் தொடர்கள் நீரில் பரவுகின்றன. நாம் கஞ்சி கெட்டியாகிவிட்டது என்கிற கணம் அது. நூல் அதைக் குடிக்கும். காயும்போது நீர் வெளியேற, மாவுச்சத்துத் தொடர்கள் செல்லுலோஸோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டி, இழைகளுக்கு இடையே மெல்லிய படலமாக இறுகுகின்றன. முன்பு ஒன்றன்மீது ஒன்று வழுக்கிய இழைகள் இப்போது அசையாது. வேட்டிக்கும் வாயில் புடவைக்கும் நம் வீடுகளில் போடும் கஞ்சியும் இதே வேதியியல்தான். பனிப்பூவுக்கு அதைவிடக் கெட்டியாக வேண்டும்.

காய்வதற்குள் வடிவத்தைப் பூட்டிவிட வேண்டும். ஒரு தாளில் காம்பஸால் வட்டம் வரைந்து, அதே ஆரத்தைக் குறுக்காமல் அகட்டாமல் வட்டத்தைச் சுற்றி எடுத்து வைத்தால் சரியாக ஆறு புள்ளிகள் விழும். தெர்மகோல் பலகைமேல் அந்தத் தாளையும், அதன்மேல் பிளாஸ்டிக் உறையையும் விரியுங்கள். நனைந்த பூவை மெல்லப் பிழிந்து நடுவில் வைத்து, எதிரெதிர்க் கைகளாக இழுத்துக் குண்டூசி குத்த வேண்டும். வரிசையாகச் சுற்றிக்கொண்டே குத்தினால் பூ ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத ஊசி அவசியம். சாதாரண ஊசி ஓர் இரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும், அது போகவே போகாது. ஒவ்வொரு பிகோவுக்கும் ஓர் ஊசி என்பது அலுப்பான வேலை. ஆனால் அந்த அரை மணி நேரத்தைச் சுருக்கியவர்களின் பூவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

ஐரோப்பியப் பாட்டிமார் சம அளவு சர்க்கரையும் நீரும் காய்ச்சி அதில் நனைத்தார்கள். கண்ணாடிபோல் விறைக்கும். ஆனால் சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும், ஆண்டுகள் போனால் மஞ்சளிக்கும். ஈரமான கடலோர ஊரில் பூ பிசுபிசுத்துத் தலை கவிழும், எறும்பும் வரும். வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்துப் பயன்படுத்துவது இன்று பரவலான முறை. அதிலுள்ள பாலிவினைல் அசிடேட் காய்ந்ததும் நிறமற்ற பிளாஸ்டிக் படலமாகிறது, பூச்சிக்குத் தீனியுமில்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் 30-40 டிகிரி வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். குளிர்நாட்டு அறையில் இது பிரச்சினையே இல்லை. நம் ஊர் ஜன்னலோரத்தில் தொங்கவிட்டால் சித்திரையில் கை மடங்கும்.

போலந்தின் தெற்கு மலைகளில் கொன்யாகுவ் என்ற கிராமம் குரோஷே லேசுக்குப் பெயர்பெற்றது. மணமான பெண்கள் அணியும் தொப்பிக்காகத் தொடங்கிய பின்னல், பிறகு மேசை விரிப்புகளாகவும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களாகவும் விரிந்தது. நம் பக்கத்தில் ஆந்திராவின் நரசாபுரத்தில் மிஷனரிகள் வழி வந்த குரோஷே லேஸ், வெளிநாட்டுச் சந்தைகளுக்குப் போகிறது. அங்கே பின்னும் பெண்கள் வெறும் இல்லத்தரசிகளாகவே கணக்கிடப்பட்டு, அவர்களின் உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படாததைச் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-இல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டினார். இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. ஸ்வெட்டருக்கு இயந்திரம் இருக்கிறது. குரோஷேயை அப்படியே பின்னித் தரும் இயந்திரம் ஆலைகளில் இல்லை. கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், உண்மையான குரோஷே பனிப்பூ என்றால் அதன் ஒவ்வொரு பிகோவையும் ஒரு கை மடக்கிப் பூட்டியிருக்கிறது.

அப்படிக் கையால் பின்னிய பூவைப் பல ஆண்டு வைத்திருக்க விரும்பினால், விறைப்புக்குக் கஞ்சியையே தேர்ந்தெடுங்கள் என்பேன். பசையை நூலிலிருந்து எடுக்க முடியாது. கஞ்சி வெந்நீரில் ஊறினால் இளகிவிடும். பண்டிகை முடிந்ததும் பூக்களை ஊறவைத்து, அலசி, நன்றாக உலர்த்தி, மடிக்காமல் மெல்லிய தாள்களுக்கு இடையே தட்டையாக வைக்கலாம். கஞ்சி போட்டபடியே மூடி வைத்தால் வெள்ளிப்பூச்சி அரிக்கும், மடிப்பில் இழை முறியும். அடுத்த டிசம்பரில் அதே தாளை விரித்து, அதே ஆறு புள்ளிகளில் மறுபடி குத்திக்கொள்ளலாம்.