நெகட்டிவை விடாத டிஜிட்டல் கலைஞர்

பிரேசில் நாட்டுப் புகைப்படக் கலைஞர் செபாஸ்டியோ சல்காடோவை டிஜிட்டல் பக்கம் தள்ளிவிட்டதில் விமான நிலைய எக்ஸ்ரே கருவிக்குப் பெரிய பங்கு உண்டு. 2004-ல் அவர் ‘ஜெனிசிஸ்’ தொடரைத் தொடங்கினார். மனிதக் கை அதிகம் படாத காடு, பனிவெளி, பாலை எனப் பூமியைச் சுற்றிவரும் பெரும்பணி அது. பிரிண்ட் பெரிதாகப் போட வேண்டும் என்பதற்காக, நெடுங்காலம் கையிலிருந்த லைக்காவை ஒதுக்கிவிட்டு பென்டாக்ஸ் 645 கேமராவை எடுத்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் நூற்றுக்கணக்கான பிலிம் ரோல்கள் தேவைப்பட்டன.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமான நிலையச் சோதனைகள் கெடுபிடியாகிவிட்டன. வழியில் எத்தனை நிலையங்களோ அத்தனை இடத்திலும் பிலிம் பையை எக்ஸ்ரேக்குள் விடாதிருக்க மன்றாட வேண்டும். திரும்பத் திரும்ப எக்ஸ்ரே பட்டால் பிலிமில் மூட்டம் படியும். கறுப்புக்கும் வெளுப்புக்கும் நடுவிலுள்ள சாம்பல் நிறங்கள் கெடும். சல்காடோவின் படங்களுக்கு உயிரே அந்தச் சாம்பல் நிறங்கள்தான்.

2008-ல், 64 வயதில், கேனான் இஓஎஸ் 1டிஎஸ் மார்க் 3 கேமராவுக்கு மாறினார். 21 மெகாபிக்சல். பெட்டி பெட்டியாகச் சுமந்த பிலிமின் இடத்தில் ஒரு கைப்பிடி மெமரி கார்டுகள்.

கேமரா மாறியது, வேலை செய்யும் விதத்தை அவர் மாற்றவில்லை. கணினித் திரையில் படம் தேர்ந்தெடுக்க அவருக்குப் பிடிக்காது. தான் வசித்த பாரிஸுக்குத் திரும்பியதும் டிஜிட்டல் படங்களைப் பழையபடி கான்டாக்ட் ஷீட்டாக அச்சிட்டுத் தருவார்கள். தாளை மேசையில் விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு சின்னப் படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். தேறியவற்றுக்கு டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமின் கிரெயினை (மணல்போன்ற புள்ளித் தன்மையை) மென்பொருள் வழியே சேர்ப்பார்கள். அடுத்துச் செய்ததுதான் வியப்பு: அந்த டிஜிட்டல் கோப்பிலிருந்து 4-க்கு 5 அங்குலத்தில் ஒரு நெகட்டிவ் தயாரித்து, இருட்டறையில் வெள்ளி உப்புத் தாளில் பிரிண்ட் போட்டார்கள். ‘ஜெனிசிஸ்’ படங்களில் எது பிலிம், எது டிஜிட்டல் என்று பிரித்துச் சொல்வது தேர்ந்த கண்ணுக்கும் லேசான காரியமல்ல. கணினி வடிவங்கள் காலாவதியானாலும் நெகட்டிவ் இருக்கும்; என்லார்ஜர் உள்ள எந்த இருட்டறையிலும் மறுபடி பிரிண்ட் போடலாம். இதைப் பழமைப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் நம்பிப் படங்களை இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அவருக்கு இதற்கு முன்பே ஒரு பெரிய மாற்றத்தைச் சந்தித்த அனுபவம் இருந்தது. பொருளாதார நிபுணராக இருந்தவர், 1973-ல் வேலையை விட்டுப் புகைப்படத்துக்கு வந்தபோது வார இதழ்கள்தான் களம். 1981 மார்ச் 30 அன்று, வாஷிங்டனில் அதிபர் ரீகன் சுடப்பட்ட இடத்தில் இருந்தார். ஒரு நிமிடத்தில் 76 படங்கள் எடுத்தார். அவற்றை விற்ற பணத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போனார். இதழ்கள் கேட்டதைக் கொடுத்து, தான் விரும்பிய நீண்ட வேலைக்கு வழி தேடிக்கொண்ட சாமர்த்தியம் அது.

பிறகு இதழ்களில் பல பக்கப் படக்கதைகளுக்கான இடம் சுருங்கிக்கொண்டே போனது. சல்காடோ அழுதுகொண்டு நிற்கவில்லை. 1994-ல் மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தை விட்டு வெளியேறி, மனைவி லெலியாவுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். புத்தகங்களையும் கண்காட்சிகளையும் வடிவமைத்தவர் லெலியா. சல்காடோவின் பெயர் சொல்லப்படும் இடத்திலெல்லாம் சொல்லப்பட வேண்டிய பெயர் அது. இதழுக்கு எடுத்த படம் கண்காட்சிச் சுவரில் பல மடங்கு பெரிதாக நின்றது. கனத்த புத்தகமாக வீட்டுக்குள்ளும் வந்தது.

2021-ல் பாரிஸில் திறந்த ‘அமேசோனியா’ கண்காட்சியில் ஒலியும் சேர்ந்துகொண்டது. இருண்ட கூடத்தில் ஒளியூட்டிய படங்கள் தொங்க, அமேசான் காட்டின் ஒலிகளைக் கொண்டு இசையமைப்பாளர் ழான் மிஷேல் ழார் அமைத்த இசை சூழ்ந்தது. பழங்குடித் தலைவர்கள் தங்கள் குரலிலேயே காணொளிகளில் பேசினார்கள்.

செல்போனில் எடுத்து விரலால் தள்ளிவிடும் படத்தைப் புகைப்படம் என்று ஏற்க அவருக்கு மனம் வந்ததில்லை. கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்ட்தான் அவருக்குப் புகைப்படம். ஆனாலும் 2022-ல், சதபீஸ் ஏல நிறுவனம் வழியாக, அமேசான் படங்கள் 5,000-ஐ என்எஃப்டி என்னும் டிஜிட்டல் உரிமைச் சான்று வடிவில் விற்பனைக்கு விட்டார். ஒன்றின் விலை 250 டாலர். வருமானம் இன்ஸ்டிட்யூட்டோ டெர்ராவுக்கு என்று அறிவித்தார். பிறந்த ஊரான ஐமோரெஸில், வறண்டுபோன குடும்பப் பண்ணையை மறுபடி காடாக்க அவரும் லெலியாவும் 1998-ல் தொடங்கிய அமைப்பு அது. 2025 மே மாதம் சல்காடோ பாரிஸில் காலமான பிறகும் அங்கே மரம் நடும் பணி நடந்துகொண்டிருக்கிறது.