கொட்டுவதற்கு முன் முகர்ந்து பாருங்கள்

வாளியை மூடிவைத்து ஒன்றரை நாள் ஆகிவிட்டது. மூடியில் செருகிய ஏர்லாக்கில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா? இருபது லிட்டரும் வீணா? பிரிட்டனில் வீட்டிலேயே பீர் காய்ச்சத் தொடங்கும் பலரையும் முதலில் கலங்கடிப்பது இந்தச் சந்தேகம்தான். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பிளாஸ்டிக் மூடி ஓரிடத்தில் சரியாக அழுந்தாமல் இருந்தால் கரியமில வாயு அந்த வழியாகக் கசிந்துவிடும், ஏர்லாக் சும்மா கிடக்கும். மூடியைத் திறக்காமல் வாளியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பழுப்பு நுரை படர்ந்திருந்தால் ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் பீர் காய்ச்சுவது பிரிட்டனில் பழைய வழக்கம். 1880இல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த சட்டம் அதற்கும் உரிமம் வாங்கச் சொன்னது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ரத்து செய்தார். அதன்பின் மால்ட் சாறு டின்னும் ஈஸ்ட் பொட்டலமும் சேர்ந்த ‘கிட்’டுகள் மருந்துக்கடை அலமாரிவரை வந்துவிட்டன. சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. அமெரிக்காவில் இதற்கு வழிவிடும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டது 1978இல். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே சொல்பவை, சட்டம் அனுமதிக்கும் ஊர்களில் வாழ்பவர்களுக்கு.

முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கிறோம். கசப்புக்காக ஹாப்ஸ் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுகிறோம். மனிதனின் வேலை ஏறக்குறைய அத்தோடு முடிந்தது, மீதி ஈஸ்டின் பாடு. பீரில் வரும் கெட்ட வாசனைகளில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட கட்டத்தில் பிறந்தவை. எந்த நாள் என்பதை மூக்கே சொல்லிவிடும். இதைக் கற்றுக்கொள்ளாமல் விலையுயர்ந்த பாத்திரங்களை வாங்கிக் குவிப்பதால் பீர் நன்றாக வந்துவிடாது.

வெந்த மக்காச்சோள வாசனை வந்தால் பிழை கொதிக்கவைத்த அன்றே நடந்திருக்கிறது. வெளிர்நிற மால்ட்டில் உள்ள ஒரு பொருள் சூட்டில் டைமெதில் சல்பைடாக மாறும். அது ஆவியோடு வெளியேற வேண்டும். பாத்திரத்தை மூடி வைத்துக் கொதிக்கவிட்டால் ஆவி மூடியில் பட்டுத் திரும்ப உள்ளேயே சொட்டும். திறந்தபடி ஒரு மணி நேரம் நன்றாகக் கொதிக்கட்டும், பிறகு சீக்கிரம் ஆறவையுங்கள். தீர்வு அவ்வளவுதான்.

காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியின் மருந்து நெடி வந்தால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், ஈஸ்டும் மால்ட்டும் தரும் பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனாலாகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். வாளியை பிளீச் போட்டுக் கழுவிச் சரியாக அலசாமல் விட்டாலும் இதே கதைதான். ‘தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதாதா?’ என்று கேட்பார்கள். குளோரின் போய்விடும். ஆனால் பல ஊர்களில் இப்போது குளோரமின் கலக்கிறார்கள், அது கொதிக்கவைத்தாலும் எளிதில் போகாது. மெட்டாபைசல்பைட்டால் ஆன கேம்ப்டன் மாத்திரையில் பாதியை இருபத்தைந்து லிட்டர் தண்ணீரில் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் இரண்டும் ஒழிந்துவிடும். நெடி ஏறிவிட்ட பீருக்கு மட்டும் வைத்தியம் கிடையாது, கொட்டித்தான் ஆக வேண்டும்.

அதிகம் பேச வேண்டியது வெப்பநிலையைப் பற்றி. ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். அறையில் 22 டிகிரி காட்டுகிறதே, பரவாயில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் உக்கிரத்தில் வாளிக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். குடிக்கும்போது தொண்டை எரியும், தின்னர் போன்ற நெடி அடிக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அது முழுதாக மாறாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரமான பழைய டீ-ஷர்ட்டைச் சுற்றி, மின்விசிறியைத் திருப்பி வைக்கிறார்கள். நம் மண்பானையில் தண்ணீர் குளிர்கிற அதே வித்தை. அதற்கே சில டிகிரி இறங்கும். எந்தக் கருவியும் வாங்காமல் பீரின் தரத்தை உயர்த்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாசனையும் பச்சை ஆப்பிள் வாசனையும் அவசரத்தின் விளைவுகள். முதலாவது டைஅசிட்டைல், இரண்டாவது அசிட்டால்டிஹைடு. இரண்டையும் ஈஸ்ட்தான் உண்டாக்குகிறது. அவகாசம் கொடுத்தால் இரண்டையும் அதுவே தின்று தீர்த்துவிடுகிறது. நுரை அடங்கியதுமே பாட்டிலுக்கு மாற்றினால் பாதியில் நின்றுபோன அந்த வேலைதான் உங்கள் கோப்பையில் மணக்கும். குளிரில் நொதிக்கும் லாகர் வகையைக் காய்ச்சுபவர்கள் நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பநிலையை 18 டிகிரிக்கு மேல் ஏற்றி இரண்டு மூன்று நாள் வைத்திருப்பது இதற்காகவே.

டைஅசிட்டைலில் இன்னொரு சூது உண்டு. இன்று வாசனையே இருக்காது, பாட்டிலில் அடைத்துச் சில வாரம் கழித்துத் தலைதூக்கும். அதன் மூலப்பொருள் மணமில்லாமல் உள்ளே ஒளிந்திருப்பதே காரணம். அதை வெளியே இழுக்கும் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் கொஞ்சம் பீரை எடுத்து அலுமினியத் தாளால் மூடுங்கள். ஒன்றைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் நிறுத்தி, பிறகு குளிர்ந்த தண்ணீரில் வைத்து மற்றதன் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டையும் திறந்து முகருங்கள். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் மணந்தால் ஈஸ்டுக்கு இன்னும் நாள் வேண்டும். இரண்டிலும் மணக்காவிட்டால் பயமில்லாமல் அடுத்த வேலைக்குப் போகலாம். பெரிய ஆலைகளும் இதே முறையில்தான் சோதிக்கின்றன.

கிட் வாங்கிக் காய்ச்சுபவர்களின் பெரிய புலம்பல், பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.020இல் நின்றுவிட்டது என்பது. தொடக்கத்தில் 1.045 இருந்தது, 1.010 பக்கம் இறங்க வேண்டியது, நகர மறுக்கிறது. முதலில் மீட்டரைச் சுழற்றிவிட்டுப் படியுங்கள். வாயுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிப்பிடிப்பதும் உண்டு. பிறகு வாளியை இன்னும் இரண்டு டிகிரி வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாக ஆட்டுங்கள். அப்போதும் அசையவில்லையென்றால், வேறொரு பாத்திரத்தில் நுரைக்கத் தொடங்கிய புது ஈஸ்டைச் சேர்க்கலாம். பல கிட்டுகளில் வருவது ஐந்தாறு கிராம் பொட்டலம்தான். நான் அதை நம்புவதில்லை. 11 கிராம் பொட்டலம் ஒன்றைத் தனியாக வாங்கிவிடுவதே மேல். மால்ட்டை நீங்களே ஊறவைப்பவராக இருந்தால் தெர்மாமீட்டரையும் சரிபாருங்கள். 65க்கும் 68க்கும் இடையே இருக்க வேண்டியது 72 ஆகியிருந்தால், ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரைகள் கூடிவிடும். அதற்கு எந்த ஈஸ்டும் உதவாது.

வினிகர் புளிப்பு வந்தால் காற்றும் அசுத்தமும் சேர்ந்து உள்ளே போயிருக்கின்றன. குழாயிலும் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கிலும் கிருமிகள் ஒளிந்துகொள்ளும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1871இல் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குப் போய் அவர்களுடைய ஈஸ்டை நுண்ணோக்கியில் பார்த்துக் குறை சொன்னார்; ஒரு வாரத்துக்குள் அவர்கள் ஒரு நுண்ணோக்கி வாங்கிவிட்டார்கள். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பீர் கெட்டுக்கொண்டே போனபோது, உள்ளே புகுந்த காட்டு ஈஸ்டுதான் காரணம் என்று கண்டுபிடித்து, 1883இல் ஒரே செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்த்துக் கொடுத்தார் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். ஆலை அதை ரகசியமாகப் பூட்டிவைக்காமல் மற்றவர்களுக்கும் கொடுத்தது. இன்று நாம் வாங்கும் பொட்டலத்தில் ஒரே வகை ஈஸ்ட் இருப்பதற்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. வாளியைக் கழுவ அலுத்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

வீணாய்ப்போன பீர் விஷமாகுமா என்ற பயம் நம்மவர்களுக்கு இயல்பாகவே வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் உயிர்களைப் பறித்தது மெத்தனால் கலந்த சாராயம். பார்லி பீர் நொதிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகமிகக் குறைவு, அதனால் அந்த ஆபத்து நேராது. ஆனால் நொதித்ததை வாலை வடித்துச் சாராயமாக்குவது முற்றிலும் வேறு விஷயம். உரிமம் இல்லாமல் அதைச் செய்ய பிரிட்டனிலும் அனுமதி இல்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பீரில் உண்மையான ஆபத்து பாட்டில் வெடிப்பதுதான். நொதித்தல் முடியும் முன்பே அடைத்தால், மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குள் நொதித்து அழுத்தத்தை ஏற்றும். 1.010இல் முடிய வேண்டியதை 1.016இல் அடைத்தால், வாயுவுக்காக நாம் அளந்து சேர்க்கும் சர்க்கரை தருவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வாயு கூடுதலாகச் சேரும். கண்ணாடி சிதறிக் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம் இது. மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் காட்டினால் மட்டும் அடையுங்கள். லிட்டருக்கு ஐந்து கிராம் சர்க்கரையைத் தராசில் நிறுத்து, கொதித்த நீரில் கரைத்து மொத்தப் பீரிலும் கலக்குங்கள். பாட்டிலுக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். ஒரே ஒரு பாட்டிலை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலாக வைத்து அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். கல்லுபோல் இறுகிவிட்டால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கனத்த துணி போர்த்தி, எல்லாவற்றையும் குளிர்ப்பெட்டிக்குள் வையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். மாறாக இரண்டு வாரமாகியும் கொளகொளவென்றே இருந்தால் பாட்டில்கள் குளிரில் இருக்கின்றன என்று பொருள். 20 டிகிரிக்குக் கொண்டுவந்து இன்னும் இரண்டு வாரம் விடுங்கள்.

பாட்டில் பழுப்பு நிறமாக இருக்கட்டும், வெயில் படாமல் இருக்கட்டும். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து குமட்டும் நாற்றம் வரும். அடைக்கும்போது குழாயின் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும். சலசலவென்று மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்து, சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி மணக்கும்.

இத்தனை பிழைகளுக்கும் பிறந்த தேதி இருக்கிறது என்றால், அந்தத் தேதி எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்தத் தண்ணீர், எத்தனை கிராம் ஈஸ்ட், காலை மாலை என்ன வெப்பநிலை, ஹைட்ரோமீட்டர் காட்டிய எண், பாட்டிலில் அடைத்த நாள், திறந்தபோது வந்த வாசனை எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த முறை காய்ச்சும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரேயடியாக நான்கை மாற்றினால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.